மாடு அசை போடட்டும்

விசில் அடித்தது நான்தான், அக்கா. சத்தம் போட்டுச் சிரிக்காதீங்க, கண்டக்டர் அண்ணாச்சி இந்தப் பக்கமே பார்க்கிறார். பாவம், கையிலிருக்கிற விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் பாருங்க, அது தானாக ஊதிவிட்டதோ என்று. நீங்க ஓடி வந்ததை டிரைவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உதட்டை இப்படி மடக்கி, நாக்கைப் பல்லுக்குப் பின்னால் ஒட்டி, ஒரே ஊது. பஸ் நின்றுவிட்டது.

உட்காருங்க. பையை மேலே வைக்கலாமே? வேண்டாமா? சரி, மடியிலேயே இருக்கட்டும். எங்கே இறங்கணும்? மில் காலனியா? காலனியில் யார் வீட்டுக்கு?

மெஷின்காரர் வீட்டுக்கா!

அக்கா, இந்த பஸ்ஸில் இத்தனை சீட் இருக்க, நீங்க வந்து உட்கார்ந்த சீட்டைப் பாருங்க. மெஷின்காரர் மகள் நான். உலகேஸ்வரி. ஊருக்கெல்லாம் உலகு. ப்ளஸ் டூ படிக்கிறேன், படிக்காத நேரத்தில் அப்பாவோடு தொழிலுக்குப் போகிறேன். நீங்க எந்த ஊர்? மணல்விளையா? நாளைக்குக் காலையில் அப்பா அங்கேதானே வருகிறார், கல்லுக் கம்மல் காணாமல் போன வீட்டுக்கு! என்னது, அது உங்க வீடேதானா? அப்படியானால் போனில் பேசினது உங்க மாமியார். நான்தான் எடுத்தேன். "எப்பா, மெஷினு... வெள்ளன வந்துரும், என்ன? வீட்டு ஆளையே நம்ப முடியாமப் போச்சு." குரல் சரியாக இருக்கிறதா? ஐயோ, இப்படி விறைத்துப் போறீங்களே. நான் அக்கா, நான், உங்க அத்தை இல்லை.

அவங்கதான் வரச் சொல்லிவிட்டாங்களே, பிறகு நீங்க எதற்கு இவ்வளவு தூரம்? அப்பா வர வேண்டாம் என்று சொல்லவா? ஏன், கம்மல் கிடைத்துவிட்டதா? கிடைக்கவில்லையா? இப்படியும் ஆட்டாமல் அப்படியும் ஆட்டாமல் தலையை நடுவில் வைத்திருக்கீங்களே. புரிந்துவிட்டது. உங்களுக்கு மெஷின் மேல் நம்பிக்கை இல்லை. எங்கம்மாவுக்கும் ஆரம்பத்தில் இல்லை. காலனி வர இன்னும் நேரம் கிடக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்லுங்க.

எங்கப்பா பேர் சங்கரலிங்கம். மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். வயசாயிற்று என்று மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடிகாரத்தை மாட்டிவிட்டு அதற்குக் கீழேயே உட்கார்ந்து போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். என்ன வீடியோ தெரியுமா? வெள்ளைக்காரத் தாத்தாக்கள் அரைக்கால் டவுசரோடு கடற்கரையில் உலோகம் கண்டுபிடிக்கிற மெஷின் வைத்துத் தேடுவது. மணலைத் தோண்டுவார்கள், தங்கக் காசு வரும், உடனே "ஓ மை காட்! ஓ மை காட்!" அப்பாவும் கடிகாரத்துக்குக் கீழே இருந்து "ஓ மை காட்" என்பார். அடுப்படியிலிருந்து அம்மா, "அரிசி தீந்து போச்சு, அதுக்கும் ஒரு மைகாட் போடுங்க" என்பாள்.

ஒருநாள் மெஷின் வந்து இறங்கிவிட்டது. மில்லில் கொடுத்ததில் ஒரு பங்கு போச்சு. நீளமான கம்பு, அடியில் தோசைக்கல் மாதிரி ஒரு வட்டம், பிடிக்கிற இடத்தில் சின்னத் திரை. இரும்பு என்றால் தொண்டை கட்டின எருமை மாதிரி கத்தும். டொர்ர்ர். தங்கம் என்றால் டிங்ங்ங். எப்படி இருக்கிறது? முன் சீட்டு அண்ணாச்சி திரும்பிப் பார்க்கிறார் பாருங்க. மெஷின் கத்தினால் திரையில் நம்பரும் எரியும். அதை மறந்துவிடாதீங்க, பின்னால் வரும்.

அப்பா தினமும் ஆற்றுப் படித்துறைக்குப் போனார். குளிக்கிற ஜனம் எதையாவது நழுவவிடாமலா இருக்கும் என்று கணக்கு. நழுவவிடுகிறது, அக்கா. ஊக்கு. நம் ஜனம் ஆற்றில் விட்ட ஊக்கை எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் செய்யலாம். ஊக்கு, சோடா மூடி, செருப்பு வார் பித்தான். ஒரே ஒரு தடவை மோதிரம். எடுத்த கையோடு அப்பா, "ஆருது மோதிரம், ஆருது மோதிரம்" என்று படித்துறை முழுக்கக் கூவி, தொலைத்தவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அவர் அப்பாவைக் கும்பிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு வருமானம் வாழைப்பழம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஆவுடையப்பன் மாமா வருவார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. சென்னையில் அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் வாட்ச்மேன் வைக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் பேசினால் எவர்சில்வர் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். "அத்தான், கேட்டு பக்கத்துல சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான். காரு வந்தா எந்திரிச்சு ஒரு சல்யூட்டு. அவ்வளவுதான் வேலை." பொங்கலுக்கு வந்தவர் கரும்போடு காக்கிச் சட்டையும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ரெண்டு டிக்கெட். ஒன்று அவருக்கு, ஒன்று அப்பாவுக்கு.

அப்பா சட்டையைப் போட்டுப் பார்த்தார். கை நீளம், மணிக்கட்டைத் தாண்டி விரலை மூடியது. கண்ணாடி முன்னால் நின்று ஒரு சல்யூட் அடித்துப் பார்த்தார். நான் சிரித்தேன். சத்தியமாக முதலில் சிரித்தேன். அப்புறம் அப்பா இன்னொரு தடவை, கொஞ்சம் திருத்தி, சரியாக அடித்துப் பார்த்தார் பாருங்க, அப்போது என்னால் முடியவில்லை. அப்பா இல்லாத வீட்டில் நான் யார் மாதிரி பேசி யாரைச் சிரிக்கவைப்பது?

அதனால் மாமாவுக்கு போன் போட்டேன். அடுத்த வீட்டு அக்கா போனிலிருந்து. மாமா எங்கள் முன்னறையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார், நான் புறவாசலில். நான்தான் அந்த அடுக்குமாடி செக்ரட்டரி. மூக்கடைத்த குரல், வாட்ஸப்பில் வந்த அவர் பேச்சை மாமா போட்டுக் காட்டியிருக்கிறார். "மிஸ்டர் ஆவுடையப்பன்? நாங்க அசோசியேஷன் மீட்டிங் போட்டோம். வாட்ச்மேன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்."

மாமா பக்கத்தில் முறுக்கு உடைகிற சத்தம் மட்டும். பிறகு, "சரிங்க சார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பாப்போம் சார். அப்புறம் சார், அடுப்புல பால் பொங்குது, இறக்கி வச்சிருங்க சார்" என்றார்.

சென்னையில் இருக்கிற செக்ரட்டரி எங்கள் வீட்டுப் பாலை எப்படி அக்கா இறக்குவார்? வேலை போன பதட்டத்தில் மாமா அப்படி உளறுகிறார்! ஆனால் பால் நிஜமாகவே பொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் ஓடிப்போய் இறக்கினேன். மாமாவுக்கு இன்று வரை சந்தேகமே வரவில்லை. எனக்கு இதில் ஒரு ராசி உண்டு, யாரும் என்னைக் கண்டுபிடித்ததில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பொட்டல்குளத்திலிருந்து ஆள் வந்தது. மொபெட்டை நிறுத்தக்கூட இல்லை. "மெஷினு எடுத்துக்கிட்டு ஏறும், அண்ணாச்சி. வடிவம்மா கூப்பிடுதாவ. மாடு சங்கிலியை முழுங்கிட்டு!"

வடிவம்மா என்றால் பொட்டல்குளத்தில் பெரிய தொழுவம் வைத்திருக்கிறவர். அந்த வீட்டில் ஒரு வழக்கம். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்ட பிறகு, வீட்டுக்காரம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மூத்த மாடான செவலைக்குப் போடுவார். படையல் முடிகிற வரை தங்கம் மாட்டுக் கழுத்தில்தான். வருஷம் பூராவும் நமக்குச் சோறு போடுகிற மாட்டுக்கு, நாம் ஒருநாள் போட்டால் என்ன என்பார். இந்த வருஷம் தெருவில் எவனோ சரவெடி கொளுத்த, மாடுகள் மிரண்டு, கட்டை அறுத்துக்கொண்டு, ஒன்றின் மாலையை ஒன்று தின்று, தொழுவம் ரெண்டுபட்டுப் போனது. அடங்கிய பிறகு பார்த்தால் செவலை மாட்டுக் கழுத்தில் மாலையும் இல்லை, சங்கிலியும் இல்லை. "செவலைதான் மாலையோட சேத்து மென்னுச்சு, அத்தை. நான் பாத்தேன்" என்றது மருமகள். சுகந்தி அக்கா. உங்க வயசுதான் இருக்கும்.

நானும் தொற்றிக்கொண்டு போனேன். ஊரே தொழுவத்தில். அப்பா மெஷினை முதல் மாட்டு வயிற்றுப் பக்கம் கொண்டுபோனார். டொர்ர்ர். ரெண்டாவது மாடு. டொர்ர்ர். எல்லா மாடும் டொர்ர்ர். ஜனம் சிரிக்கிறது. "எல்லா மாட்டுக்கும் சங்கிலி போட்டியளா மதினி?" என்று ஒரு கிழவர். அப்பா, "அது இரும்புச் சத்தம், அய்யா. மாடு வைக்கோலோடு ஆணி, கம்பி எல்லாம் தின்னும். தங்கம்னா வேற மாதிரி கத்தும்" என்றார். கடைசியில் செவலை. வட்டத்தை வயிற்றைச் சுற்றி மேலேயும் கீழேயும் கொண்டுபோனார். டொர்ர்ர். அவ்வளவுதான். டிங் இல்லை.

சிரிப்பு நின்றுபோச்சு. வடிவம்மா செவலையை விட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை. "அப்போ மாட்டு வயித்துல இல்ல. ஏளா சுகந்தி, நேத்து பொங்கல்படிச் சீரு கொண்டாந்த உங்க அண்ணன், ஒரு வாய் சாப்பிடாமக்கூட எதுக்கு அப்படி ஓடுனான்?"

சுகந்தி அக்கா தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டது. ஜனம் பூராவும் அந்தத் தூணையே பார்த்தது. அப்பா மெஷினைத் தாழ்த்திவிட்டார். எனக்குத் தெரியும், இனி அவர் "மன்னிக்கணும்மா, இல்லை" என்று சொல்லப் போகிறார், மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி கேட் பக்கத்தில் உட்காரப் போகிறார். அதோடு, எனக்கு அமைதி ஆகாது அக்கா. எல்லோரும் வாயை மூடினால் எனக்கு நாக்கு அரிக்கும்.

டிங்ங்ங்.

செவலையின் வாலுக்குப் பின்னால் நின்று, வாயைத் தாவணியால் மூடிக்கொண்டு. ஒரே டிங். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. செவலையே திரும்பிப் பார்த்தது.

அப்பா திரையைப் பார்த்தார். நம்பர் எங்கே எரியும்? பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தூணைப் பிடித்திருந்த சுகந்தி அக்காவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் உள்ளுக்குள் செத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தொண்டையைச் செருமினார். "இருக்கு" என்றார்.

அப்பாவே ஏமாந்துவிட்டார், அக்கா! மெஷினை ராத்திரி பகலாகத் துடைத்து வைக்கிற மனுஷன், மகள் சத்தத்தை மெஷின் சத்தம் என்று நம்பிவிட்டார்! எனக்கு வந்த சிரிப்பில் தாவணியைத் தின்றுவிட்டேன்.

உடனே எவனோ, "வயித்தைக் கீறிப் பாத்துரலாமா?" என்றான். வடிவம்மா, "உன் வயித்தைக் கீறுவேன்" என்றார். அப்பாதான் கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார். "கீற வேண்டாம். அவசரப்படவும் வேண்டாம். மாடு அசை போடட்டும். சாணியை எல்லாம் பின்னால குழியிலே போடுங்க. நான் தினமும் காலைல வந்து மெஷின் வச்சுப் பாக்கேன். ஒண்ணே ஒண்ணு. குழிப் பக்கம் ஆரும் காவல் நிக்கக் கூடாது. எட்டிக்கூடப் பாக்கக் கூடாது. மனுச வாடை பட்டா மெஷினுக்கு ஆகாது."

அப்படி ஒன்று கிடையவே கிடையாது, அக்கா. மெஷினோடு வந்த புத்தகத்தை நான் எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறேன். தண்ணியில் போடாதே, வெயிலில் வைக்காதே, அவ்வளவுதான். அப்பாவாக எங்கிருந்து பிடித்தாரோ.

கிளம்பும்போது சுகந்தி அக்கா காப்பி கொண்டுவந்தது. டம்ளரை அப்பாவிடம் நீட்டி, மெதுவாக, "அண்ணாச்சி, கட்டாயம் குழியிலதான் கிடக்குமா?" என்று கேட்டது.

அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே, "குழியிலே கிடந்தா ஒரு கேள்வியும் இல்லம்மா. மாட்டை ஆரு போய்க் கேள்வி கேக்கப் போறா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். ஒன்றுமில்லை. அப்பா, "மாடு இன்னும் அசை போடலை" என்றார். சனிக்கிழமையும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் நாற்றம். வீட்டில் மாமா, "அத்தான், காக்கியை இஸ்திரி போட்டாச்சு" என்றார். பொட்டல்குளத்தில் வடிவம்மா, "இன்னைக்கும் இல்லையா?" என்றார். "நாளைக்கும் இல்லைன்னா, இவ பெட்டியைக் கட்டட்டும். உம்ம மெஷினு சங்கதியையும் ஊரெல்லாம் சொல்லுவேன், மேஸ்திரி." டிங் கொடுக்க என்னால் முடியும், சங்கிலி கொடுக்க முடியுமா? அப்பா மட்டும், "அசை போடட்டும்மா" என்றார். சுகந்தி அக்கா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குள் நுழையும்போதே எதிரில் மொபெட்டில் சுகந்தி அக்காவின் அண்ணன். கண்ணெல்லாம் சிவந்து, தலை கலைந்து. "என்ன அண்ணே, இவ்வளவு வெள்ளன?" என்று கேட்டேன். பொங்கல்படியில் ஒரு தேங்காய் விட்டுப்போச்சாம், கொடுக்க வந்தாராம். ஒரு தேங்காய்க்காக விடியுமுன்னே வந்திருக்கிறார். பாசம் என்றால் அப்படி இருக்கணும். எனக்கும் ஒரு அண்ணன் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா மெஷினைக் குழி மேல் கொண்டுபோனார். நான் இருபதடி தள்ளி, வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

டிங்ங்ங்.

நான் இல்லை! அம்மா மேல் சத்தியமாக நான் இல்லை! நிஜ மெஷின்! நம்பர் எரிகிறது! அப்பா குச்சியால் கிளறினார், சாணிக்கு நடுவில் சங்கிலி தகதகவென்று கிடந்தது. ஊரே கத்தியது, அதில் பாதிச் சத்தம் நான்.

இப்போது யோசித்துப் பாருங்க. நான் சும்மா வாயால் கத்தினேன். மாட்டு வயிற்றில் உண்மையிலேயே இருந்திருக்கிறது! மெஷினுக்கே தெரியாதது என் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஏதோ அருள் இருக்கிறது, அக்கா. அதைவிட அதிசயம் என்னவென்றால், சங்கிலியின் கொக்கி மாட்டியிருந்தது. மாட்டு வயிற்றில் நாலு அறை என்று பயாலஜியில் படித்திருக்கிறேன். எந்த அறையில் வைத்து அது கொக்கியை மாட்டியதோ! சாணி வேறு மேலாகத்தான் ஒட்டியிருந்தது. மாடு கழுவி அனுப்பின மாதிரி.

வடிவம்மா சங்கிலியைக் கையில் வாங்கி, அந்தக் கொக்கியையே வெகுநேரம் பார்த்தார். பிறகு செவலையிடம் போய் அதன் கழுத்தைத் தடவினார். "பசின்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன, மூதி? நான் தர மாட்டேன்னா சொல்லப் போறேன்?" என்றார். மாட்டிடம்தான் சொன்னார். அதற்கு சுகந்தி அக்கா ஏன் அப்படி உடைந்து அழுதது என்று எனக்குத் தெரியவில்லை. மாடு மேல் அவ்வளவு பிரியம் போல.

வடிவம்மா அப்பாவுக்குக் கைநிறையக் கொடுத்தார். எனக்கு ஒரு பாவாடைத் துணி. வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "கோமதி, உலகுக்குத் தொண்டைக்குப் பனங்கற்கண்டு குடு." எனக்குத் தொண்டை கட்டவே இல்லை, அக்கா! எதற்குச் சொன்னாரோ. கொடுத்ததைத் தின்றேன்.

மாமா தனியாக ரயில் ஏறினார். எனக்குத்தான் கொஞ்சம் பாவமாக இருந்தது. படியில் நின்று, "செக்ரட்டரி சார்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன், உலகு. பாலை மட்டும் பாத்துக்கச் சொல்லு" என்றார். இன்னும் அந்தப் பால் உளறல் போகவில்லை. காக்கிச் சட்டையை வெட்டி அம்மா மெஷினுக்கு உறை தைத்துவிட்டாள். கை நீளம் கம்புக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

அதற்கப்புறம் நாங்கள் நிற்க நேரமில்லை. இந்த வட்டாரத்தில் வீட்டுக்குள் என்ன காணாமல் போனாலும் கூப்பிடு மெஷின்காரரை. மோதிரம், மூக்குத்தி, வெள்ளிக் குத்துவிளக்கு. ஆனால் அப்பா ரொம்ப மெதுவாகிவிட்டார். அதுதான் எனக்குக் குறை. போன வீட்டில் எல்லாம் முதல் நாள் ஒரு இடத்தைக் காட்டி, "இங்கன இருக்கு. நாளைக்கு வந்து எடுத்துத் தாரேன். அதுவரை ஆரும் இந்தப் பக்கம் வரப்பிடாது" என்பார். கேட்டால், "மாடு அசை போடட்டும்." மாடே இல்லாத மாடி வீட்டிலும் அதையே சொல்கிறார்! பூந்தொட்டியைக் காட்டி "அசை போடட்டும்" என்றால் சனங்கள் என்ன நினைப்பார்கள்? ஆனால் மறுநாள் போனால் தொட்டிக்குள் இருக்கிறது! ஒரே ஒரு வீட்டில்தான் கிடைக்கவில்லை. "மண்ணு முழுங்கிட்டு" என்று சொல்லிக் காசு வாங்காமல் வந்துவிட்டார்.

மறதியும் வந்துவிட்டது. மெஷினுக்கு பேட்டரி போடவே மறந்துவிடுகிறார், அக்கா! போன மாதம் மட்டும் எத்தனை வீடு. நான் மட்டும் பின்னால் நின்று டிங் கொடுக்கவில்லை என்றால் மானம் போயிருக்கும். இன்னும் அவருக்குத் தெரியாது, இத்தனை நாள் குடும்பம் என் நாக்கில் ஓடுகிறது என்று. எங்கே போனாலும், "உலகு, நீயும் வாட்டி" என்கிறார். துணைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன்.

என்ன அக்கா? என்ன கேட்டீங்க? அப்பா கண்டுபிடித்த வீட்டில் யாரையாவது காட்டிக்கொடுத்திருக்கிறாரா என்றா? யாரைக் காட்டிக்கொடுப்பது? மாடும் தொட்டியும்தானே எடுத்தது! ஒரு வீட்டில் எலி. அப்பா அந்த எலிக்காக எவ்வளவு பரிந்து பேசினார் தெரியுமா? "அதுக்கு என்ன கஷ்டமோ" என்கிறார், எலிக்கு!

இருங்க, உங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறேன். நாளைக்கு அப்பா வரும் வரைக்கும் எதற்கு? நானே மெஷின். இந்தக் கையைத் தோசைக்கல்லாக வைத்துக்கொள்ளுங்க. ஜன்னல் கம்பி, டொர்ர்ர். முன் சீட்டு அண்ணாச்சி தலை, ஒன்றுமே இல்லை. உங்க பை...

டிங்ங்ங்!

ஐயோ அக்கா! பயந்துட்டீங்களா? ஏன் பையை இப்படிக் கட்டிப்பிடிக்கிறீங்க, நான் பிடுங்கவா போகிறேன்? விளையாட்டுக்கு அக்கா, விளையாட்டுக்கு. முகமெல்லாம் வேர்த்துவிட்டதே. கண்ணும் கலங்கிவிட்டது. இந்தாங்க தண்ணி. நான் இப்படித்தான், அளவு தெரியாமல் போய்விடுவேன். அம்மா தினமும் சொல்கிறாள்.

என்ன, இங்கேயே இறங்கணுமா? காலனி இன்னும் வரவில்லையே. இது வெறும் வயற்காடு, எதிர்ப் பக்கம் உங்க ஊர் பஸ்தான் நிற்கும். அந்த பஸ்ஸில்தான் போகணுமா? அப்பாவைப் பார்க்க வேண்டாமா? சரி, சரி, இருங்க. டிரைவர் நீங்க சொன்னால் நிறுத்த மாட்டார். கண்டக்டர் அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பட்டும். இப்போ பாருங்க.

ப்ரீஈஈ!

நின்றுவிட்டது. இறங்குங்க, பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு. பார்த்து, பார்த்து. அக்கா! ஜன்னல் பக்கம் வாங்க! அப்பாவுக்கு என்ன சொல்ல? நாளைக்கு வர வேண்டாம் என்றா?

என்னது? வரட்டுமா? அப்பாடா, மெஷின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது! இன்னும் என்ன? சத்தமாகச் சொல்லுங்க, வண்டி கிளம்புகிறது! "அடுக்களைக்குப் பின்னால துளசி மாடத்துப் பக்கம் பாக்கச் சொல்லு"வா? சரி! அப்புறம்? நாளைக்கே எடுக்க வேண்டாமா? "ஒரு நாள் அசை போடட்டும்னு அப்பாகிட்ட சொல்லு"வா?

அக்கா! உங்க வீட்டில் மாடு இருக்கிறது என்று சொல்லவே இல்லையே!